ரோடு காலி

"அத்தான், தலையை வலப்பக்கம் திருப்புங்க. பேசவெல்லாம் வேண்டாம், திருப்பினா போதும்."

அவர் திருப்பவில்லை. சொன்னது காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா என்று ஆராய நேரமில்லை. அவளே அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். ஜெல் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுத்தின் இடப்பக்கம் பிழிந்தாள். எப்போதும் உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டிவிட்டுத்தான் போடுவாள். இன்று ஐஸாகச் சில்லிட்டிருக்கும். அவர் முகம் சுளித்தார். பாதி முகம்தான் சுளித்தது. மறுபாதி, அவருக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தொங்கிக் கிடந்தது.

அவசரப் பிரிவின் கடைசிக் கட்டில் அது. "கழுத்து ஸ்கேன், உடனே வாங்க" என்று போன் வந்ததும் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவள், திரைச்சீலையை விலக்கும்வரை யார் எவர் என்று அறியாள். விலக்கியதும் பார்த்தாள். அக்காவின் கணவர். காலையில் போட்ட கஞ்சி மொடமொடப்பு கலையாத சட்டையில், பையில் குத்திய பேனாவோடு, ஷூவைக்கூட யாரும் கழற்றாமல் கிடந்தார்.

"அத்தான்னா சொன்னீங்க?" எதிர்ப்பக்கம் நின்ற மூளை டாக்டர் நிமிர்ந்தார். இளவயதுக்காரர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே யோசிக்கிறவர். "சொந்தம்னா நீங்க செய்ய வேண்டாம். வேற யாரையாவது கூப்பிடுங்க."

"வேற யாரும் இல்லை சார். ஒருத்தி லீவு. இன்னொருத்தர் மேலே பிரசவ வார்டுல இருக்கார். நானே பாக்கிறேன்."

"உங்களால முடியுமா?"

"கைக்குப் பழகின வேலை சார்."

அவள் ஸ்கேன் டெக்னீஷியன். வீட்டில் அவளுக்குப் பெயர் எக்ஸ்ரே. வைத்தவர் இதோ படுத்திருக்கும் இதே மனிதர்தான். "இது எக்ஸ்ரே இல்லை அத்தான், அல்ட்ராசவுண்ட். சத்தத்தை உள்ளே அனுப்பிப் படம் எடுக்கிறது" என்று எத்தனையோ தடவை விளக்கியாகிவிட்டது. "எல்லாம் கரண்ட்ல ஓடுறதுதானே" என்பார். அக்காவும் எக்ஸ்ரே என்றாள், அக்கா பிள்ளைகளும் எக்ஸ்ரே சித்தி என்றார்கள், இப்போது அவளே போனை எடுத்து "எக்ஸ்ரே பேசறேன்" என்கிற நிலைமைக்கு வந்தாயிற்று.

திரையில் கழுத்தின் உள்புறம் சாம்பல் நிறத்தில் விரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரியும். ஒரு கிளை முகத்துக்கு, மற்றது மூளைக்கு. அவள் கலர் பொத்தானைத் தட்டினாள். ரத்தம் ஓடுகிற இடம் சிவப்பாக ஒளிர வேண்டும். முகத்துக்குப் போகும் கிளை ஒளிர்ந்தது. மூளைக்குப் போகும் கிளை, வாசலிலிருந்தே இருட்டு.

"ஓட்டம் இல்லை சார்."

"அது எனக்கும் தெரியும். சி.டி. ஸ்கேன்லயே பாத்துட்டேன்." டாக்டர் குரலில் அவசரம். "மூளைக்குள்ள ரத்தக் கசிவு இல்லை, கட்டியைக் கரைக்க ஊசியும் போட்டாச்சு. ஆனா இவ்வளவு பெரிய அடைப்புக்கு ஊசி மட்டும் போதாது. தொடை வழியா கம்பி விட்டு அடைப்பை எடுக்கணும். எடுக்கலாமா கூடாதாங்கிறதுதான் கேள்வி. இது இன்னிக்கு மூடினதா? இல்லை, வருஷக்கணக்கா மூடிக் கிடக்குதா?"

கேள்வியின் கனம் அவளுக்குத் தெரியும். பல வருடமாக மூடிய குழாய் இறுகிச் சுருங்கிப் போயிருக்கும். அதில் கம்பியை நுழைத்தால் கிழிந்துவிடும், ஆளே போய்விடலாம். இன்று மூடியதென்றால் கதை வேறு. உள்ளே போய் வழியைத் திறக்கலாம். மூளையின் இடப்பாதி பிழைக்கும். பேச்சும் வலது கையும் அங்கேதான் இருக்கின்றன.

"குழாய் சுருங்கியிருக்கா, பழைய அளவுலயே இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டும் கெட்டானா இருக்கு சார். கழுத்தை அசைக்கிறார், படம் நிக்க மாட்டேங்குது."

"முன்னாடி எப்பவாவது கழுத்து ஸ்கேன் எடுத்திருக்காரா? ஒரு பழைய படம் இருந்தா போதும். திறந்திருந்ததுன்னு தெரிஞ்சா இப்பவே தூக்கிட்டுப் போயிடுவேன்." டாக்டர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். "இவரைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

திரைச்சீலை இடுக்கில் ஒரு அம்மாள் முகம் காட்டினார். கையில் இன்னும் கார் சாவி. "நான்தாங்க. கணக்கு டீச்சர். சார்கிட்ட டிரைவிங் பழகறேன். எனக்கு அவர் உடம்பைப் பத்தி ஒண்ணும் தெரியாது. லெப்ட்ல திரும்புன்னு சொல்ல வந்தவர் வாய் குழறிச்சு. கிண்டல் பண்றார்னு நினைச்சு நான் சிரிச்சேன். அப்புறம் நானேதான் ஓட்டிட்டு வந்தேன். எனக்கு அவர் இன்னும் ரிவர்ஸ்கூடச் சொல்லிக் குடுக்கலை. வண்டி வாசல்ல குறுக்கால நிக்குது."

"சம்சாரம்?"

"போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்காங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடி பற்களுக்கிடையில் நொறுங்கியது. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று எக்ஸ்ரேக்குத் தெரிந்தது. சந்தேகம் என்றால் தொடாமல் விடுவதுதான் பத்திரம். யாரும் குறை சொல்ல முடியாது.

கட்டிலின் கால்மாட்டில் ஏதோ அசைந்தது. அத்தானின் இடது ஷூ. மெத்தையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. அவர் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் சொதப்பும்போது காப்பாற்றுகிற பிரேக். இல்லாத அந்த பிரேக்கைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்.

பழைய படம் ஒன்று இருந்தது. எடுத்தவள் அவள்தான்.

மூன்று மாதம் முன்பு. ஒரு கம்பெனி ஆள் புது ஸ்கேன் மெஷினை ஓட்டிக் காட்டக் கொண்டு வந்திருந்தார். காட்டுவதற்கு ஒரு கழுத்து வேண்டும். ஸ்கேன் அறையில் இது வழக்கம். புது மெஷின் வந்தால் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் படுத்துக்கொள்வார்கள். "உங்க கழுத்தெல்லாம் இளசு மேடம், கொஞ்சம் முதிர்ந்த கழுத்தா இருந்தா மெஷினோட திறமை தெரியும்" என்றார் கம்பெனிக்காரர். அவளை டிரைவிங் வகுப்புக்கு அழைத்துப்போக வந்த அத்தான், சாவியை விரலில் சுழற்றியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என் கழுத்து இருக்கே. இவங்க அக்கா கல்யாணமான நாள்லேர்ந்து நெரிச்ச கழுத்து. அதுக்கே தப்பிச்சிருக்கு, உங்க மெஷினுக்கா பயப்படும்?" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தார்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

குழாய் பிரிகிற இடத்தில், பின்சுவரில், ஒரு படிவு. சுண்ணாம்பு ஏறிய படிவு திரையில் வெள்ளையாகப் பளீரிடும், கண் தெரியாதவனும் காட்டிவிடுவான். இது அப்படி இல்லை. ரத்தத்தைப் போலவே கறுப்பு. கொழுப்பு நிறைந்த மென்மையான ரகம். அதன் மேல்விளிம்பாக ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. அந்தக் கோடும் ஓரிடத்தில் எலி கடித்ததுபோல அறுந்து குழிந்திருந்தது. அடைப்பு என்னவோ பாதிகூட இல்லை. ஆனால் அளவை வைத்து நம்பக்கூடாத சாதி இது. உடைந்த மேல்தோல் என்றைக்கு வேண்டுமானாலும் கழன்று மேலே போகும், அல்லது அதன்மேல் ரத்தம் உறைந்து மொத்தத்தையும் மூடும்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கம்பெனிக்காரர் குறுக்கே கை நீட்டி, "இப்பப் பாருங்க மேடம், கலர்" என்று எதையோ திருகினார். பகட்டுக் காட்டுவதற்காக நிறத்தைக் கூட்டி வைத்திருந்தார் போலும். சிவப்பு பொங்கிக் குழாயின் சுவரையும் தாண்டி வழிந்தது. கறுப்பு மறைந்தது. "நல்ல கழுத்து சார் உங்களுக்கு" என்றார். யாரோ கைதட்டினார்கள். அத்தான் டிஷ்யூவால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மூடலுக்கு ஒரு முன்கதை உண்டு. எப்போதோ ஒரு பெண்மணியிடம் "ஏதோ தெரியுது, டாக்டரை உடனே பாருங்க" என்று வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பம் அழுது புரண்டது. கடைசியில் அது ஒன்றுமில்லை, குழாயின் மடிப்பு. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தி, "நீங்க கேமரா. கேமரா படம் எடுக்கும், பேசாது" என்றார். அன்றிலிருந்து அவள் பேசாத கேமரா.

ஆனால் இது வராந்தாவில் நிற்கும் யாரோ இல்லையே. சரி, நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி அத்தானைக் கூப்பிட்டு, டாக்டர் வழியாகவே முறைப்படி ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கம்பெனிக்காரர் டெமோ படங்களையெல்லாம் அழித்துவிட, மறுநாள் மெஷின் போய்விட்டது. அதோடு அவளுடைய நாளையும் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, "அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்ற கேள்வி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் கழித்து அந்தக் கேள்வி வளர்ந்து வாசலையே அடைத்தது. நான் பார்த்தது சரியில்லையோ, அதுவும் மடிப்போ என்று தனக்குத்தானே தாலாட்டுப் பாடினாள். முட்டி வலி என்று டிரைவிங் வகுப்புக்கும் முழுக்குப் போட்டாள். பக்கத்து இருக்கையில் அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது?

வகுப்பில் அத்தானுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். பார்த்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "முன்னால சைக்கிள். இடப்பக்கம் நாய். தூரத்துல சிவப்பு." கூச்சப்பட்டு முணுமுணுத்தால் விடமாட்டார். "நீ மனசுக்குள்ள பாத்தது எனக்கு எப்படித் தெரியும் எக்ஸ்ரே? சொன்னா பிரேக்ல கால் வெச்சு ரெடியா இருப்பேன். நீ சொல்லலைன்னா, ரோடு காலின்னு எடுத்துக்கிட்டு நிம்மதியா உக்காந்திருப்பேன்" என்பார்.

தன் கழுத்து ஸ்கேனைப் பற்றி மட்டும் அவர் ஒருமுறைகூட அவளிடம் கேட்கவில்லை. கேட்காததற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி, விட்டுடலாம்" என்றார் மூளை டாக்டர். "பழசா இருந்தா ரிஸ்க்கு. வார்டுக்கு மாத்தி..."

"திறந்திருந்தது சார்."

"என்னது?"

"இடது பக்கக் குழாய். மூணு மாசத்துக்கு முன்னாடி திறந்துதான் இருந்தது. பாதிக்குக் கீழதான் அடைப்பு."

"யார் பாத்தது?"

"நான்தான்."

"ரிப்போர்ட் எங்கே?"

"இல்லை. டெமோ மெஷின்ல பாத்தது. கறுப்பா, மெத்துன்னு இருந்தது சார். மேல் விளிம்பு அறுந்திருந்தது."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். கறுப்பு, அறுந்த விளிம்பு, மூன்று மாதம், ரிப்போர்ட் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. திட்டவில்லை.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியும். தினமும் அதையேதான் பாத்துட்டிருக்கேன்."

"தள்ளுங்க கட்டிலை" என்றார் அவர்.

சக்கரங்கள் அலறிக்கொண்டு போயின. கடைசியாகக் கண்ணில் பட்டது அந்த இடது ஷூதான். அழுத்தியது, விட்டது.

ஆபரேஷன் அறைக்கு வெளியே இருந்த நாற்காலியில் எக்ஸ்ரே உட்கார்ந்தாள். விரலிடுக்கில் ஜெல் காய்ந்து பிசுபிசுத்தது. கணக்கு டீச்சர் தண்ணீர் வாங்கி வந்து நீட்டிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார்.

"நீங்க இருந்ததாலதான் இவ்வளவும் உடனே நடக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்க."

எக்ஸ்ரே பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"சாரோட குரல்தான் எனக்குத் தைரியமே. ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே அழுகை வரும் எனக்கு. 'டீச்சர், இங்க மார்க் போடறது நான், பயப்படறது நீங்களா? நல்லா இருக்கே கதை'ம்பார். பேச்சு வந்துடும்ல?"

"வரணும்."

அக்கா வந்தபோது ஒரு காலில் ஒரு செருப்பும் மறுகாலில் வேறொரு செருப்புமாக வந்தாள். தங்கையைப் பார்த்ததும் ஓட்டம் நடையாகிவிட்டது. எக்ஸ்ரே அங்கே இருக்கிறாள், அப்புறம் என்ன பயம் என்பதுபோல. அதைப் பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் எக்ஸ்ரே தலையைக் குனிந்துகொண்டாள்.

"உள்ளேயா இருக்கார்?"

"ம்."

"பேசினாரா?"

"இல்லைக்கா."

"வீட்ல வாய் ஓயாத மனுஷன். கொஞ்ச நேரம் சும்மா இருங்கன்னு காலையிலதான் கத்தினேன்." அக்கா தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்படியா கேக்கிறது நான் சொன்னதை?"

அந்தக் கை எரிந்தது. உருவிக்கொள்ளவும் முடியவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். கதவு திறந்தது.

டாக்டர் முகமூடியைக் கழற்றியபடி வந்தார். "வழி கிடைச்சுடுச்சு. ரத்தம் மேலே போகுது. வலது கை லேசா அசையுது. பேச்சு எவ்வளவு திரும்பும்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. பொறுத்துத்தான் பாக்கணும்." பிறகு எக்ஸ்ரேயைப் பார்க்காமலே அக்காவிடம் சொன்னார். "முன்னாடி குழாய் திறந்திருந்ததுன்னு இவங்க சொன்னதாலதான் உள்ளே போனேன். இல்லைன்னா தொட்டிருக்கவே மாட்டேன்."

"ஆமா டாக்டர், இவதான் பாத்தா. புது மெஷின்ல." அக்காவின் குரலில் அந்த நிலைமையிலும் ஒரு பெருமை. "அன்னிக்கு நல்லா இருந்த குழாய் எப்படி டாக்டர் திடீர்னு இப்படி ஆகும்?"

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "அதை அவங்களே சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கணக்கு டீச்சர் என்ன புரிந்துகொண்டாரோ, வண்டியை ஒதுக்கி நிறுத்தச் சொல்லி யாராவது கத்துவார்கள் என்று முனகியபடி எழுந்து போனார்.

"அக்கா."

"சொல்லு."

"அன்னிக்கு அது நல்லா இல்லைக்கா."

அக்காவின் கை அப்படியே இருந்தது.

"ஒரு படிவு இருந்தது. கெட்ட ரகம். நான் பாத்தேன். வேற யாருமே பாக்கலை. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் சொல்ல பயமாயிடுச்சு. நாள் ஆக ஆக இன்னும் பயம். மடிப்பா இருக்கும்னு என்னையே நான் ஏமாத்திக்கிட்டேன். முட்டி வலின்னு சொன்னதும் பொய். மாத்திரை இருந்தது அக்கா. வேணும்னா சின்ன ஆபரேஷனும் இருந்தது. இது வராமலே தடுத்திருக்கலாம்."

அக்கா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அறைவாள் என்றுகூட எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. மடியில் இருந்த தங்கையின் கையை எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல, தங்கையின் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

வராந்தாவில் யாரோ ஸ்டிரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்து மறைந்தது.

"போன மாசம் ஒருநாள் அவருக்கு இடது கண் இருட்டிடுச்சு" என்றாள் பிறகு. தன் இரண்டு செருப்புகளையும் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடை ஷட்டரை இறக்கின மாதிரி இருக்குன்னார். கொஞ்ச நேரத்துல தானாவே சரியாயிடுச்சு. வேண்டாம்னவரை நான்தான் கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன்."

கண் இருட்டினால் அது கழுத்து கொடுக்கும் எச்சரிக்கை. எக்ஸ்ரேயின் தொழிலில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"எனக்கு ஏன்க்கா சொல்லலை?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்?" அக்கா முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு, கழுத்துக் குழாயைப் பாக்கணும், இன்னிக்கே போய் ஸ்கேன் எடுங்கன்னு அந்த டாக்டர் அடிச்சுச் சொன்னார். இவர் சிரிச்சார். 'என் கொழுந்தியா பாத்தாச்சு டாக்டர், புத்தம்புது மெஷின்ல. பாத்ததை வாயால சொல்லணும்னு நானே அவளைப் பழக்கி வெச்சிருக்கேன். அவ ஒண்ணுமே சொல்லலை. ரோடு காலி'ன்னார். நானும் பக்கத்துல உக்காந்து ஆமான்னு தலையாட்டினேன்."